தெருவிளக்கும் கடைசிக் கம்பமும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்துப் பெருநிலைக்கு உயர்ந்தவர் என்று சர் தி. முத்துசாமி ஐயரைப் பற்றிப் பள்ளிக்கூட நாள் முதல் கேட்டு வருகிறோம். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர். அந்தக் கதையைக் கேட்கும் போதெல்லாம் என் மனக்கண்ணில் ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு மின்விளக்கும் தோன்றும். இயற்பியல் மாணவியான பிறகுதான் அந்தப் படம் பிழையானது என்று விளங்கிற்று. 1832இல் பிறந்த அவர் படித்த காலத்தில் உலகில் எந்த ஊரிலும் தெருவிற்கென மின்விளக்கு நிலையாக எரிந்ததில்லை. அவர் மறைந்த 1895ஆம் ஆண்டில்தான் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது; மின்விளக்கு தெருவுக்கு வந்தது அதற்கும் பின்னர். ஆகவே அவருக்கு வெளிச்சம் தந்தது எண்ணெய் விளக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். மாலைதோறும் எவரோ ஒருவர் ஏணி சுமந்து வந்து அதை ஏற்றியிருப்பார். அந்த ஒருவரின் பெயரை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதை நான் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுபவர் என் தந்தை. ஊரார் 'டேங்க் ஆபரேட்டர்' என்பார்கள். மாலையில் தெருவிளக்குச் சுவிட்சைப் போடுவதும், விடிந்தால் அணைப்பதும், எரியாத விளக்கைக் கழற்றி மாட்டுவதும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டவை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏணி சாய்ந்திருக்கும். ஆனால் ஊரிலேயே இருட்டான தெரு எங்கள் தெருதான். இது எப்படி என்று ஆராயப் புகுந்ததே இக்கட்டுரை.

சிற்றூர் ஒன்றிற்கு மின்விளக்கு வந்த கதையைச் சொல்வதென்றால் இங்கிலாந்தில் உள்ள காடல்மிங் என்ற ஊரிலிருந்து தொடங்க வேண்டும். இலண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், வே என்னும் ஆற்றங்கரையில் இருக்கிறது அவ்வூர். பெருநகரமன்று, அக்காலத்தில் சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சிறிய சந்தை ஊர். தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. 1881இல் வாயு நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்தபோது விலையில் இணக்கம் ஏற்படவில்லை. அந்நேரம் பார்த்து கால்டர் அண்ட் பாரெட் என்ற நிறுவனம், ஆண்டிற்கு 195 பவுன் கொடுத்தால் மின்சாரத்தால் தெருவை ஒளிரச் செய்கிறோம் என்று முன்வந்தது. ஆற்றங்கரையில் இருந்த தோல் பதனிடும் ஆலையின் நீர்ச்சக்கரத்தில் சீமென்ஸ் மின்னாக்கியைப் பூட்டினார்கள். முக்கியமான சந்திப்புகளில் வில்விளக்குகளும், மற்றத் தெருக்களில் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த கரி இழைவிளக்குகளும் எரிந்தன. தெருவிற்கு மட்டுமன்றி, விரும்பிய வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் மின்சாரம் தரப்பட்டது. பொதுமக்களுக்கு விலைக்கு மின்சாரம் வழங்கிய முதல் ஊர் என்று உலகம் காடல்மிங்கைத்தான் குறிப்பிடுகிறது. இலண்டனையும் முந்திக்கொண்டது ஒரு சிற்றூர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

அங்கே கம்பிகளைப் புதைக்கத் தெருவைத் தோண்டும் சட்ட உரிமை எவருக்கும் இல்லை. மின்விளக்கு பற்றிய சட்டமே அடுத்த ஆண்டு, 1882இல்தான் வந்தது. ஆகவே தெருவோரச் சாக்கடைக் கால்வாயிலேயே கம்பிகளைப் போட்டு விட்டார்கள்! இன்று இதைப் படித்து நாம் சிரிக்கலாம். மழைக்காலத்தில் எங்கள் ஊர்ச் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இதற்கு மேல்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஆற்றில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் சக்கரம் தடுமாறிற்று, விளக்கும் தடுமாறிற்று. பின்னர் சீமென்ஸ் நிறுவனமே பொறுப்பை ஏற்று, நீராவி எந்திரம் வைத்து ஓட்டிப் பார்த்தது. இணைப்புக் கேட்டு வந்த வீடுகளோ மிகச் சில. வரவுக்குச் செலவு கட்டவில்லை. 1884இல் மின்விளக்குகளை நிறுத்திவிட்டு ஊர் மன்றம் மீண்டும் வாயு விளக்கிற்கே திரும்பிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1904இல்தான் அவ்வூருக்கு மறுபடியும் மின்சாரம் வந்தது. மின்னாக்கியில் பெரிய குறையில்லை. இழைவிளக்கும் எரியத்தான் செய்தது. மாதாமாதம் பணம் கட்ட ஆள் போதவில்லை, அவ்வளவே. விளக்கை ஏற்றுவது வேறு, எரிந்துகொண்டே இருக்கச் செய்வது வேறு என்பதை உலகின் முதல் மின்விளக்கு ஊரே காட்டிவிட்டது.

நம் பக்கத்திற்கு வருவோம். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் 1902இல் மைசூர் அரசு மின்நிலையம் அமைத்தது. அம்மின்சாரம் முதலில் எந்தத் தெருவுக்கும் போகவில்லை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்திற்குப் போயிற்று. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது அதற்குப் பின், 1905 ஆகஸ்டு 5 அன்று. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் நம் வடமாவட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் தெருவிளக்கு எரிய இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் பைக்காரா மின்நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. பைக்காராவின் மின்சாரத்தால் கோவைப் பஞ்சாலைகள் பெருகின. மின்சாரம் தண்ணீரைப் போன்றதன்று. பள்ளத்தை நோக்கி ஓடுவதில்லை, பணத்தை நோக்கி ஓடும்.

1957இல் மின்வாரியம் தோன்றியது. 1969இல் ஊரக மின்வசதிக் கழகம் தோன்றியது. இக்காலத்தில் கிராமங்களுக்கு மின்கம்பிகள் விரைந்து பரவின. தமிழ்நாடு இதில் பல மாநிலங்களுக்கு முன்னோடி. ஆயினும் கம்பிகளை வயற்காட்டுக்கு இழுத்து வந்தவை பெரும்பாலும் இறவைக் கிணற்றுப் பம்புசெட்டுகளே. கம்பி போகிற வழியில் குடியிருப்பு இருந்தால் அந்தக் கம்பத்தில் ஒரு விளக்கும் தொங்கும். கம்பி வராத தெருவில் கம்பமே இல்லை, விளக்கு எங்கிருந்து வரும்? எங்கள் ஆயா சொல்வார்: "மேலக்காட்டு மோட்டாரு ஓடி ஏழெட்டு வருசம் கழிச்சுத்தான் நம்ம தெருவுல கம்பம் நட்டாங்க. அன்னிக்குப் புள்ளைங்க எல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்கல."

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். 'மின்வசதி பெற்ற கிராமம்' என்றால் என்ன? 1997 வரை, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் ஏதேனும் ஒரு பயனுக்கு மின்சாரம் பயன்பட்டால் போதும். அது மின்வசதி பெற்ற கிராமம். எல்லையோரத்தில் ஒருவர் கிணற்றில் மோட்டார் ஓடினாலும் ஊர் முழுவதும் ஒளி பெற்றதாகக் கணக்கு! 1997இல், மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். 2004இல் மீண்டும் திருத்தினார்கள். குடியிருப்புப் பகுதியிலும், ஆதிதிராவிடர் குடியிருப்பு இருந்தால் அங்கும், மின்மாற்றியும் கம்பிகளும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், நலவாழ்வு நிலையம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் வர வேண்டும். வீடுகளில் குறைந்தது 10 விழுக்காட்டிற்கு இணைப்பு இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்ற சொல் கணக்கிற்குள் வருவதற்கு விடுதலைக்குப் பின் ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின என்பதை அடிக்கோடிட்டுப் படித்தேன். 2018 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது இந்தக் கணக்கின்படியே. அதில் தெருவிளக்கு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தெருவிளக்கைக் கடமையாகச் சொல்வது வேறொரு சட்டம்: 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். குடியிருப்புப் பகுதிகளின் பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு வைப்பது கிராம ஊராட்சி செய்தே ஆக வேண்டிய பணி என்கிறது அது. எத்தனை மீட்டருக்கு ஒரு விளக்கு என்ற கேள்வியை ஊராரிடமே விட்டுவிடுகிறது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதி. இரவில் தெருக்கோடியில் நின்றால் தொலைவில் நெய்வேலியின் வெளிச்சம் வானத்தில் செம்மையாகத் தெரியும். 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு வரை 11 கம்பங்கள். முதல் ஐந்தும் ஊர்த்தெருவில், ஒவ்வொன்றிலும் விளக்கு. ஆறாவது கம்பத்திலிருந்து புளியமரங்கள். எட்டாவது கம்பம் ஓடைப் பாலத்தருகே. அதைத் தாண்டினால் எங்கள் தெரு. ஊரில் அதைக் 'காலனி' என்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தபோது எனக்கு வயது ஆறு. எங்கள் பக்கத்துக் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்ததும், பல நாட்கள் சிம்னி விளக்கில் சோறு உண்டதும் நினைவிருக்கிறது. பிறகு புதுக்கம்பங்கள் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். விளக்கு மாட்டும்போது மட்டும், பணம் போதாது என்று ஆறாவது கம்பம் முதல் ஒன்றுவிட்டு ஒன்றாக, 7, 9, 11 என்று மாட்டினார்கள். 'பாதி விளக்கு, பாதி வெளிச்சம். சமாளித்துக் கொள்ளலாம்' என்பதே அன்று சொல்லப்பட்ட சமாதானம்.

பாதி விளக்கு என்றால் பாதி வெளிச்சம்தானா? ஒளியியல் பாடத்தில் வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்றும், சாய்வாக விழுந்தால் சாய்வுக் கோணத்தின் கோசைனுக்கு ஏற்ப மேலும் குறையும் என்றும் படித்தோம். இரண்டையும் சேர்த்தால், தரையில் ஓரிடத்தின் வெளிச்சம் கோசைனின் மும்மடியைப் பொறுத்தது. விளக்கின் உயரம் 6 மீட்டர். கம்பத்திற்குக் கம்பம் 50 மீட்டர் எனக் கொள்வோம். எல்லாக் கம்பத்திலும் விளக்கிருந்தால், மிக இருண்ட இடம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, 25 மீட்டரில். அங்கே ஒரு விளக்கின் வெளிச்சம் கம்பத்தடி வெளிச்சத்தில் 79இல் ஒரு பங்கு. இருபுறமும் விளக்கு இருப்பதால் ஏறத்தாழ 39இல் ஒரு பங்கு. ஒன்றுவிட்டு ஒன்று மாட்டினால், மிக இருண்ட இடம் விளக்கில்லாத கம்பத்தின் அடி. விளக்குகள் 50 மீட்டருக்கு அப்பால். கணக்கிட்டால் வருவது 296இல் ஒரு பங்கு! விளக்கு பாதியாயிற்று, இருண்ட இடத்தின் வெளிச்சமோ ஏழரை மடங்கு குறைந்தது.

இதை லக்ஸ் அளவில் சொன்னால் இன்னும் தெளிவாகும். இப்போது மாட்டப்படும் 20 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 2000 லூமென் தரும். அவ்வொளி கீழ்நோக்கி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால் கம்பத்தடியில் சுமார் 9 லக்ஸ். தெளிந்த வானில் முழுநிலவு தருவது ஏறத்தாழ கால் லக்ஸ். எல்லாக் கம்பத்திலும் விளக்கிருந்தால், நடுவழியிலும் 0.22 லக்ஸ், அதாவது தெருவின் மிக இருண்ட இடத்திலும் ஏறத்தாழ பௌர்ணமி அளவு வெளிச்சம். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் எட்டாவது கம்பத்தடியில், ஓடைப் பாலத்தில், 0.03 லக்ஸ். பாம்புக்கும் கிடக்கும் கயிற்றுக்கும் வேறுபாடு தெரியாத வெளிச்சம் அது. உண்மையான விளக்குகளில் ஒளியைப் பக்கவாட்டில் வீச வில்லைகள் உண்டாகையால் எண்கள் சற்று மாறும், கதை மாறாது. அதிலும் ஒன்பதாவது விளக்கு அணைந்துவிட்டால் பாலத்தில் எஞ்சியிருப்பதும் பாதியாகிவிடும்.

ஒன்பதாவது விளக்கு அடிக்கடி போய்விடும் என்பதுதான் தொல்லை. எங்கள் துறை ஆய்வகத்தில் பேராசிரியரின் இசைவு பெற்று ஒரு மல்டிமீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மின்மாற்றிக்கு அருகில் உள்ள என் தோழியின் வீட்டில் மாலை ஆறரை மணிக்கு 232 வோல்ட். எங்கள் வீட்டில் அதே நேரத்தில் 191. தெருவிளக்குகள் மட்டும் இழுக்கும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டால் இவ்வளவு இறக்கம் வராது. அதே மின்மாற்றியில் மாவு மில்லும் மோட்டார்களும் ஓடுவதால் வருகிற இறக்கம் இது. கம்பியின் நீளம் கூடக் கூட மின்தடை கூடும். கடைசி வீட்டுக்காரர் மற்ற எல்லோருடைய இறக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். இழைவிளக்கு நாளில் இது கண்ணுக்கே தெரிந்திருக்கும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் அதன் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். டியூப்லைட் காலத்தில் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பற்றாது. எல்.இ.டி. விளக்கு அப்படியன்று, குறைந்த அழுத்தத்திலும் தன் மின்சுற்றால் ஒளியைச் சமாளித்துக் கொள்ளும். நீலநிற எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபெல் பரிசு கொடுத்தது வீணில்லை.

பிறகு ஏன் ஒன்பதாவது போகிறது? அப்பாவைக் கேட்டேன். "நியூட்ரல்ல லூஸ்" என்றார், மூன்று சொற்களுக்கு மேல் பேசாதவர். பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று முனை மின்சுற்றில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால், சுமை குறைந்த முனையில் மின்னழுத்தம் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறக்கூடும். ஒருபுறம் பட்டினி, ஒருபுறம் அஜீரணம்! பத்தாம் வகுப்போடு நின்றவர் சொன்ன விடை, நான் இரண்டு பக்கம் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த அதே விடை. இணைப்பை இறுக்கக் கோரி அவர் சொன்னதையும் கேட்பாரில்லை. அது அவர் தொடக்கூடிய கம்பியும் அன்று. விளக்கை மாற்றத்தான் அவருக்கு அனுமதி.

செவ்வாயும் வியாழனும் எங்களுக்குச் செய்முறை வகுப்பு. நியூட்டன் வளையங்களை எண்ணி முடித்துச் சோடியம் விளக்கை அணைத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தால், ஊரில் இறங்கும்போது மணி ஏழேகால். அம்மா டார்ச்சோடு நிறுத்தத்தில் நிற்பார். களையெடுத்துவிட்டு வந்த கால்களோடு 11 கம்பத் தூரம் வந்து, 11 கம்பத் தூரம் திரும்புவார். எங்கள் தெருவில் எனக்கு முன்னே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்கள் கல்லூரியில் சேரவில்லை. 'பொழுது சாய்ந்து பொம்பளைப் பிள்ளை பாலம் தாண்டி வரவேணுமா?' என்பதே இரண்டு வீட்டிலும் பேசப்பட்ட பேச்சு. ஒருவேளை வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பாலத்தைத்தான் வெளியே சொன்னார்கள்.

சென்ற அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்கு இந்தக் கணக்கை ஒரு முழுத்தாளில் படம் வரைந்து எடுத்துச் சென்றேன். கோசைனைப் பற்றி அங்கே பேசவில்லை. "பௌர்ணமி வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை" என்று மட்டும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அமாவாசையிலே வந்து பாரு, அதுவும் இல்ல" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். 6, 8, 10 ஆகிய மூன்று கம்பங்களுக்கும் விளக்கு வேண்டும், நியூட்ரல் இணைப்பைச் சரிசெய்ய மின்வாரியத்திற்கு எழுத வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அப்பா கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், "தாளைப் பத்திரமா வச்சிரு" என்றார்.

தை மாதத்தில் ஒரு விளக்கு வந்தது, ஒன்றுதான். அதை எட்டாவது கம்பத்தில் மாட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். ஆறும் பத்தும் இன்னும் இருட்டு. நியூட்ரலுக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வரவில்லை. அம்மா இப்பொழுதெல்லாம் பேருந்து நிறுத்தம் வரை வருவதில்லை. எட்டாவது கம்பத்தின் கீழே, டார்ச்சை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.